சிங்கப்பூர் கலர்

பீடோங்கில் காளிதாசனின் பாலிஷ் பட்டறைக்கு வருகிறவர்கள் நிறத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்பதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். தேக்கு, கருங்காலி, சிங்கப்பூர். முதல் இரண்டும் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். மூன்றாவது அவரிடம் மட்டும்தான். பழுத்த பேரீச்சையின் நிறம். வெயிலில் பிடித்தால் அடியிலிருந்து ஒரு சிவப்பு மெல்ல எழுந்து வரும். சாமி மேடைக்கும் ஊஞ்சல் பலகைக்கும் கல்யாணக் கட்டிலுக்கும் அதைத்தான் கேட்டார்கள். மலாய்க்காரர்கள்கூட, “அங்கிள், வர்ணா சிங்காப்புரா” என்று சொல்லிவிட்டு மேசையை இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். பட்டறை முகப்புப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே அந்த நிறத்தின் பெயரும் எழுதியிருந்தது.

நிறம் வந்த கதையைக் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லிவிடுவார். அவருடைய அண்ணன் ராமையா, கரங்கான் பக்கம் மேட்டுத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த இளவயதில், பினாங்குக்குப் போய்ப் புத்தம் புதிய டிரம் செட் ஒன்றை வாங்கி வந்தவர். பிறகு அந்த டிரம்மோடு சிங்கப்பூருக்குப் போனார். அங்கே பெரிய ஹோட்டலில் சில வருடம் வாசித்தார். வெள்ளை மரமாக இருந்த டிரம்முக்கு, மேடை விளக்குக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஹோட்டல்காரனே ஆள் வைத்து அந்தப் பாலிஷைப் போட்டுக் கொடுத்தான். அண்ணன் திரும்பி வந்த நாளில் அதைப் பார்த்த காளிதாசன், அப்போது ஜித்ராவில் மாமா வீட்டில் தங்கிச் சீனன் ஒருவனின் நாற்காலிப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தவர், ஆயுள் முழுக்க அந்த நிறத்தைப் பிடிப்பதிலேயே கழித்தார். கிட்டத்தட்டப் பிடித்தும்விட்டார். கிட்டத்தட்ட என்பதை அவர் வெளியே சொல்வதில்லை.

ராமையாவுக்கு இடது காது மந்தம். மேடை மேடையாக டிரம் அடித்துப் போன காது அது என்று காளிதாசன் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். எழுந்து நின்று, சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு சொல்வார். கேட்பவர்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போன வருடம் ராமையா இறந்துபோனார். வருட நினைவு நாளையொட்டி பீடோங் மண்டபத்தில் ஒரு கலைமாலை நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. அவருடைய மகள் ஷீலா, சுங்கை பட்டாணியில் பேங்கில் வேலை செய்பவள், அப்பாவின் டிரம்மில் தானே வாசிப்பதாகச் சொல்லிவிட்டாள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூன்று காலில் தரையில் நிற்கும் பெரிய டாம் டிரம்மின் மரக்கூட்டைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. தோலை இழுத்துப் பிடிக்கும் குரோமியப் பிடிகளும் வளையங்களும் மட்டும் மிச்சம். அதே அளவில் புது மரக்கூடு ஒன்றைத் தாய்லாந்திலிருந்து வரவழைத்து, மொத்தச் செட்டையும் காரில் ஏற்றிக்கொண்டு சித்தப்பாவின் பட்டறைக்கு வந்தாள்.

“புதுசுக்கு மட்டும் கலர் போட்டா பத்தாது சித்தப்பா. பேசாம எல்லாத்தையும் சுரண்டிட்டு, கம்பெனிலேருந்து வந்த மாதிரி வெள்ளையாவே போட்டுரலாம்லா. இங்க பாருங்க.” கைபேசியை நீட்டினாள். “இதே கம்பெனி, இதே மாடல். வைக்கோல் கலர். இதுதான் ஒரிஜினல்.”

காளிதாசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்மா. வாங்கிட்டு வந்தப்ப நான் பக்கத்துல நின்னவன். அப்ப வெள்ளதான். ஒங்கப்பா எந்தக் கலருல ஹோட்டல் மேடையில அடிச்சாரோ, அதுதான் நமக்கு ஒரிஜினல். அதுல யாரும் கை வைக்கக் கூடாது.”

ஷீலா கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“சரி சித்தப்பா. ஆனா ரெண்டும் ஒண்ணா இருக்கணும். மேடையில ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெளுப்புன்னா மானம் போயிடும்.”

“இந்தப் பட்டறையிலேருந்து போற சாமானுக்கு மானம் போகாது.”

அவள் போன பிறகு, கலைமாலைக் குழுவின் செயலாளர் ஜெயகுமார் வந்தார். தே தாரிக் தேநீர்ப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, “அங்கிள், ஒரே ஒரு விஷயம். அண்ணனப் பத்தி மேடையில பேசப் போறேன். சிங்கப்பூர்ல எந்த ஹோட்டல்? பேரு சொன்னா நல்லா எடுபடும்” என்றார்.

காளிதாசன் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டிராத கேள்வி அது. அவரும் அண்ணனிடம் கேட்டதில்லை.

“பெரிய ஹோட்டல். அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்.”

மாசக் கடைசியில் பிற்பகல் தவறாமல் மழை வந்தது. மழைக்காற்றில் மேல்பூச்சான லேக்கரை அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால் காலையில் மட்டும் வேலை. புது மரத்தில் தன்னுடைய சிங்கப்பூர் சாயத்தை ஏற்றிப் பார்த்தார். நிழலில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்ததும் பழையது உள்ளிருந்து எரிந்தது. புதியது மேல்பூச்சோடு நின்றுவிட்டது. சாண்ட்பேப்பர் போட்டு அழித்து மறுபடியும் ஏற்றினார். மறுபடியும் அதே கதை. மனைவி வாசுகி சாப்பிடக் கூப்பிட்டுச் சலித்தாள்.

“சோறு ஆறுதுங்க. நெத்திலி சம்பால் மொறுமொறுப்பு போயிருச்சு. அந்த டிரம்மா வந்து ஒங்களுக்குச் சோறு போடப் போகுது?”

“அதுதான் இத்தன வருஷமா போடுது. போ உள்ள.”

அடிப்பூச்சு எது, மேல்பூச்சு எது என்று தெரிந்தால் வழி பிறக்கும். அதற்குப் பிடியைக் கழற்றி, உலோகத்துக்கு அடியில் மரம் எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும். ராமையா உயிரோடு இருந்தவரை அந்த டிரம்மில் ஒரு திருகாணியைக்கூட யாரும் தொட விட்டதில்லை. “கழட்டாதே, டியூன் போயிரும்” என்பார். காளிதாசன் தயங்கிவிட்டுச் சின்ன டாமைத் துண்டின்மேல் படுக்க வைத்து முதல் பிடியைக் கழற்றினார்.

அடியில் மரம் வைக்கோல் நிறத்தில் இருந்தது. பிடியின் உருவம் அச்செடுத்த மாதிரி வெளுப்பாக, அதைச் சுற்றிப் பழுப்பு.

முதலில் அவருக்கு வந்தது கோபம். எவன் அந்தப் பாலிஷ்காரன்? சாமானைக் கழற்றாமல் சுற்றி வளைத்துப் பூசியிருக்கிறானே. தன் பட்டறையில் எவனாவது அப்படிச் செய்தால் அன்றைக்கே துணியை மடித்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பார். இன்னொரு பிடியையும் கழற்றினார். அங்கேயும் அப்படியே. விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருந்தது. தூரிகை அப்படிக் கரையாது.

வளையத்தை எடுத்துத் தோலையும் எடுத்தார். உள்ளே சுவர் வெளுப்பாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் காற்றுப் போக ஒரு துளை; கட்டை விரல்கூட நுழையாது. அந்தத் துளையைச் சுற்றி மட்டும் உள்பக்கத்தில் ஒரு பழுப்புப் பூ விரிந்திருந்தது. நடுவில் அடர்த்தி, ஓரத்தில் மெலிவு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிரம்மின் உள்ளே துளை வழியாகப் பாலிஷ் போட யாராலும் முடியாது. துளை வழியாக உள்ளே போகக்கூடியது ஒன்றுதான்.

துணியில் ஸ்பிரிட் தொட்டு அந்தப் பூவின்மேல் ஒரு தடவை தேய்த்தார். மூக்குக்கு வந்தது. ஜித்ராவுக்குப் பஸ் ஏறிய வயதில், இனி இந்த வாசமே வேண்டாம் என்று எந்த வாசத்தை விட்டு ஓடினாரோ, அதே வாசம். ரப்பர் ஷீட்டைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே கட்டையைப் புகையவிட்டு, வாரக்கணக்கில் பழுப்பேற்றும் ஸ்மோக்கவுஸ்.

அந்த நிறத்தைப் போட்டவன் ஹோட்டல்காரன் இல்லை. புகை. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் புகை இல்லை, வருடக்கணக்கான புகை. அண்ணன் சிங்கப்பூரில் இருந்த வருடங்களில் டிரம் மேட்டுத் தோட்டத்து ஸ்மோக்கவுஸில் இருந்திருக்கிறது. டிரம் இல்லாத அண்ணன் எந்த ஹோட்டலில் எதை வாசித்தார்?

காளிதாசன் பெஞ்சில் உட்கார்ந்தார். முடிதிருத்தும் கடை, கோயில் கூட்டம், சம்பந்தி வீடு என்று ஒவ்வோர் இடமாக மனதில் வந்து போயிற்று. ஒவ்வோர் இடத்திலும் அவர் எழுந்து நின்றுதான் சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் ஷீலா தோல் மாற்ற இதைக் கழற்றுவாள். அவள் பார்ப்பாள். தகப்பனைப் பற்றி அவளுக்கு என்ன மிஞ்சும்?

அடர்ந்த பழுப்பில் ஒரு சாயத்தைக் கலக்கினார். பிடிகளுக்கு அடியில் இருந்த வெளுப்பையெல்லாம் மூடிவிடலாம். உள்சுவரையும் முழுதாக அடித்துவிட்டால் பூவும் மறைந்துவிடும். சிறிய தூரிகையை எடுத்து முடியைக் கட்டை விரலால் நீவிச் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

ராமையாவின் மனைவி செல்லாயி இரண்டு வீதி தள்ளித்தான் இருந்தாள். கையில் தூக்குச் சட்டி.

“கருவாட்டுக் கொழம்பு. வாசுகி, சட்டிய வாங்கிக்க ஆத்தா, மூடி லூஸு.” பிறகு பெஞ்சைப் பார்த்தாள். “என்ன தம்பி, தோல உரிச்சுட்டீங்க?”

காளிதாசன் தூரிகையை மறைக்கவில்லை. மறைக்க இடமும் இல்லை.

“உக்காருங்க அண்ணி.”

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்து மழைத்துளியைத் துடைத்தாள். மூக்கு லேசாக அசைந்தது.

“தொறந்ததும் வாசம் வந்துருக்குமே.”

“வந்துச்சு.”

“ம்.”

“இது எங்க இருந்துச்சு அண்ணி?”

“நான் எங்க வேல செஞ்சேனோ, அங்க இருந்துச்சு.” குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள். “ஒங்க அண்ணன் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறுனாரு. மறுநாள் காலையில எங்க மாமா, அதான் ஒங்கப்பா, கோடாலியத் தீட்டிக்கிட்டு உக்காந்துருந்தாரு. ஊர் சாவுக்குக் கொட்டடிக்கவா புள்ள பெத்தேன், அடுப்புக்காச்சும் ஆகட்டும்னு. நான் கூட்டி முடிச்சுட்டு, அவரு கள்ளுக்கடைக்குப் போன நேரமா பாத்து ஒவ்வொண்ணா சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிட்டேன். கேட்டப்ப, ஒங்க அண்ணன் சொன்னபடி ரயில்ல போட்டு அனுப்பிட்டேன்னு சொன்னேன்.”

“ஸ்மோக்கவுஸ்ல யாரும் கேக்கலையா?”

“கங்காணி கேட்டான். ஆபீஸ் கிராணியோட சாமான்னேன். கிராணி பாத்தாரு, தொரையோடதுன்னு நெனச்சுக்கிட்டாரு. தொர பாத்துட்டு, கிராணிதுன்னு நெனச்சுக்கிட்டான். சாக்கு எலி கடிச்சுப் போயிருச்சு. டிரம்ம ஒருத்தனும் தொடல. மேல கம்புல ஷீட்டு தொங்கும், ஓரத்துப் பலகையில இது உக்காந்துருக்கும். நெருப்பு பக்கம் போகாம பாத்துக்கிட்டேன்.”

உள்ளே வாசுகி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

“அப்ப அண்ணன் அங்க என்ன வேல செஞ்சாரு?”

“கப்பல் பட்டற. துரு தட்டுற வேல. காலையில சுத்தியலப் புடிச்சா சாயங்காலம் வரைக்கும் கப்பல் வயித்துல நின்னு தட்டணும். காது எதுனால போச்சுன்னு நெனச்சீங்க?”

மழை தகரத்தில் வலுத்தது.

“எங்கிட்ட ஏன் பொய் சொன்னாரு?”

“ஒங்ககிட்ட எங்க சொன்னாரு? நீங்க கேட்டீங்க. திரும்பி வந்த அன்னைக்கு, நானும் அவரும் டிரம்ம ஸ்மோக்கவுஸ்லேருந்து எடுத்து, கரங்கான் முச்சந்தியில வச்சு டாக்ஸில ஏத்தி, சிங்கப்பூர்லேருந்து வந்த மாதிரி வீட்டுல எறக்குனோம். நீங்க ஜித்ராலேருந்து வந்து நிக்கிறீங்க. வந்ததும் வராததுமா, ‘அண்ணே, யாரு பாலிஷ்?’ங்கறீங்க. பக்கத்துல மாமா. பொண்டாட்டி ஒளிச்சு வச்சா, அதனால பொகை புடிச்சுருச்சுன்னு சொன்னா அடி என் முதுகுல விழும். ஹோட்டல்காரன் போட்டான்னு வாயில வந்தத சொல்லிட்டாரு. அவ்வளவுதான். ஒரு வார்த்த.”

“அப்பா செத்த பெறகாச்சும் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லலாம்னு அவரு கெளம்புனாரு. ஒங்க பட்டற தெறப்பு விழாவுக்கு. வந்து பாத்தா, வாசல்ல போர்டு. ‘சிங்கப்பூர் கலர்’னு இந்த உசரத்துக்கு எழுதி, மால போட்டு வச்சிருக்கீங்க. அவரு அப்படியே நின்னுட்டாரு. வீட்டுக்கு வந்து, ‘செல்லாயி, அவன் சோத்துல மண்ணப் போட முடியாது’ன்னாரு. நான் சிரிச்சுட்டேன் தம்பி. அடக்கவே முடியல. என் பொகைக்கு ஊர்லேருந்து வந்து காசு குடுத்துட்டுப் போறானுங்கன்னு.”

“ஷீலாவுக்கு?”

“அவளுக்குத் தெரியும். அவ அப்பன் வாய் வீட்டுக்குள்ள சும்மா இருக்குமா? அதான் சுரண்டி வெள்ளையாக்கிடலாம்னு ஒங்ககிட்ட வந்து கேட்டா. கலரத் தேடி நீங்க நோண்டிப் பாத்துருவீங்களோன்னு அவளுக்கு ஒரே பயம். சித்தப்பா நெஞ்சு தாங்குமான்னு.”

காளிதாசன் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

“வாசுகி, ஒனக்கும் தெரியுமா?”

உள்ளே தட்டுகள் எடுக்கும் சத்தம் கேட்டது.

“சோறு போடட்டுமா?” என்று வாசுகி கேட்டாள்.

அவருக்குப் புரிந்தது. பெண்டாட்டியும் அண்ணியும் அண்ணன் மகளும் சேர்ந்து, இத்தனை வருடமாக, அவர் எழுந்து நின்று சொல்வதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டிருக்கிறார்கள். குடும்ப மானத்தைத் தான் ஒருவன்தான் தாங்கி நிற்பதாக நினைத்திருந்தார். அவர்கள் தாங்கியது அவரை.

கலக்கி வைத்த சாயத்தின்மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். பழைய துணிகள் போடும் தகரத்தில் ஊற்றினார். தூரிகையைத் தின்னரில் கழுவித் துடைத்து, முடி வளையாமல் தலைகீழாக மாட்டினார். திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான் மேல்வரை பூட்டியிருந்தது.

“என்ன கட்ட போடுவீங்க அண்ணி?”

“எதுக்கு?”

“பொகைக்கு.”

செல்லாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரப்பர் கட்டதான். பச்சக் கட்டையா இருக்கணும். எரியக் கூடாது, பொகையணும். எரிஞ்சா ஷீட்டு கொப்புளம் போட்டுரும். இதுவும் அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

மறுநாள் காலை நாற்காலித் தொழிற்சாலைக்குப் போய் ரப்பர் கட்டைத் துண்டுகள் இரண்டு சாக்கு வாங்கி வந்தார். புது மரக்கூட்டில் முன்னர் ஏற்றியிருந்த சாயத்தை முழுக்கச் சுரண்டி எடுத்து, லேக்கர் மட்டும் அடித்து, காய்ந்ததும் பழைய டாமின் குரோமியப் பிடிகளை அதில் பூட்டினார். தோலும் வளையமும் போட்டு இறுக்கினார். வாசிக்கத் தயாரான டிரம்மை அப்படியே பின்கட்டுத் தகரக் கொட்டகைக்குள் தொங்கவிட்டுக் கீழே புகை போட்டார். பூட்டியபின் பூசக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். பாலிஷ் பிடித்த கை கொஞ்சம் கூசத்தான் செய்தது.

தினமும் செல்லாயி வந்தாள். புகை கண்ணில் ஏறினால் அவள் விலகுவதில்லை. தலையை மட்டும் சாய்த்துக்கொள்வாள். டிரம்மை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஷீட்டைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பாள்.

“மூணாம் நம்பரு.”

“என்ன அண்ணி?”

“ஷீட்டா இருந்தா மூணாம் நம்பருன்னு தள்ளிருவோம். திட்டுத் திட்டா இருக்கு. திருப்பிப் போடுங்க.”

லேக்கர் ஒரு மெல்லிய பூச்சு, புகை, மறுபடியும் ஒரு பூச்சு, மறுபடியும் புகை. பக்கத்து வீட்டுச் சீன மாமி துணி காயப்போட முடியவில்லை என்று சுவருக்கு மேல் சத்தம் போட்டாள். வாசுகி ஒரு மங்குக் கிண்ணத்தில் பாயசம் கொடுத்து அனுப்பினாள்.

ஷீலா சனிக்கிழமை வந்தபோது புகை வாசம் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டது. கொட்டகைக்கு முன் சித்தப்பாவும் அம்மாவும் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காளிதாசன் டிரம்மை எடுத்து வந்து, பழைய சின்ன டாமுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தார். இரண்டும் உள்ளிருந்து எரிந்தன.

பிறகு அவர் புது டாமில் ஒரு பிடியைக் கழற்றிக் காட்டினார். அடியில் வைக்கோல் நிறம். சுற்றிலும் கரைந்த விளிம்பு.

“இத ஏன் சித்தப்பா விட்டீங்க? பூட்டுனா யாருக்கும் தெரியாதே.”

“தெரியாதுதான். தொறந்து பாக்குறவனுக்கு மட்டும் சரியா தெரியட்டும்.”

ஜெயகுமார் அப்போது கைபேசியில் அழைத்தார். பேச்சை அன்றைக்கே எழுதி முடிக்க வேண்டுமாம். காளிதாசன் எழுந்து நின்று பேசினார்.

“ஹோட்டல் இல்ல தம்பி. கப்பல் பட்டற. அண்ணன் துரு தட்டுற வேல செஞ்சாரு. ஆமா, நான்தான் சொன்னேன், நான் சொன்னது தப்பு. டிரம் சிங்கப்பூருக்குப் போகல. மேட்டுத் தோட்டத்து ஸ்மோக்கவுஸ்ல இருந்துச்சு, எங்க அண்ணி காப்பாத்துனாங்க. பேரு செல்லாயி. எழுதிக்கங்க. இல்ல, எடுபடுமான்னு எனக்குத் தெரியாது. அத நீங்க பாத்துக்கங்க.”

கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, கழற்றிய பிடியை அதன் இடத்தில் பொருத்தித் திருகாணியை இறுக்கினார். வெளுப்பு மறைந்தது. செல்லாயி குனிந்து டிரம்மை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை இடுக்கினாள்.

“இப்ப ஒண்ணாம் நம்பரு” என்றாள்.

அந்த நேரம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மலாய்க்காரர் ஒருவர் பழைய அலமாரியை இறக்கச் சொல்லிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, “அங்கிள், வர்ணா சிங்காப்புரா, ஆடா?” என்று, இருக்கிறதா எனக் கேட்டார்.

காளிதாசன் முகப்புப் பலகையை ஒரு முறை பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆடா” என்றார் அவர். “கழட்டிட்டுத்தான் பூசுவேன். கைப்பிடி, பூட்டு எல்லாத்தையும் கழட்டி ஒரு பையில போட்டுக் குடுத்துட்டுப் போகச் சொல்லு ஷீலா.”